ஒரு தமிழெழுத்து வந்ததும் 160 ஏன் 70 ஆகிறது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எஸ்எம்எஸ் அடிக்கும்போது ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகிறது. நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்தால் 70க்கு இறங்கிவிடுகிறது. தமிழ் கணினிக்குப் பாரமான மொழி என்கிறார்களே, அதுதான் காரணமா?"

இல்லை. அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். காரணம் மொழியில் இல்லை, இடப் பங்கீட்டில் இருக்கிறது.

அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் செய்தி நண்பரின் போனுக்கு நேராகப் போவதில்லை. கோபுரம் வழியாக எஸ்எம்எஸ் மையத்துக்குப் போகிறது. அவர் போன் அணைந்திருந்தால் அங்கேயே காத்திருக்கிறது. ஜிஎஸ்எம் அமைப்பில் அது பயணிப்பது குரலுக்கான தடத்தில் அல்ல. போனும் கோபுரமும் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ளும் சமிக்ஞைத் தடத்தில். அங்கே ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் இந்த அளவு மாறாது.

வரலாறு சுருக்கமாக: ஜெர்மானியரான ஃப்ரீடெல்ம் ஹில்லெபிராண்ட் 1985இல் தட்டச்சில் சில வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்து போதும் என்று முடிவு செய்தார். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் முதல் எஸ்எம்எஸ்.

இனி அந்த 1,120 பிட்டை நீளம் மாறாத கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து, எண், சில ஐரோப்பியக் குறிகள் எல்லாம் 7 பிட் அகலமுள்ள சிற்றிலையில் சாப்பிடுகின்றன. 160 இலை விழும். இந்த எழுத்துகள் அடங்கிய 7 பிட் அட்டவணையில் தமிழுக்கு இடம் இல்லாததால் அது யூனிகோட் வழியாக வருகிறது. அதற்கு 16 பிட் அகலத் தலைவாழை இலை. பந்தியின் விதியோ கண்டிப்பானது: ஒருவருக்குத் தலைவாழை என்றால் எல்லோருக்கும் தலைவாழை. 70 இலையோடு பந்தி நிறைந்துவிடும். '₹' என்ற குறி ஒன்று வந்து உட்கார்ந்தாலே இதே கதிதான். பெரும்பாலான இமோஜிகள் ஆளுக்கு இரண்டு இலை கேட்கும்.

நம் மெய்யெழுத்தின் புள்ளிக்கும், 'றி'யில் வருவது போன்ற உயிர்க்குறிக்கும் தனி இலை உண்டு. 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பந்தியில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. எழுபத்தோராவது விருந்தாளி வந்தால் இரண்டாம் பந்தி போட வேண்டும். அப்போது எந்தப் பந்தி எதன் தொடர்ச்சி என்று சொல்ல, இரண்டிலும் ஒரு மேற்பார்வையாளர் 6 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். அதனால் பந்திக்கு 67 இலைதான், ஆங்கிலமானால் 153. கட்டணக் கணக்கிலும் அது இரண்டு செய்தி.

தமிழுக்குச் சிற்றிலை தைக்கவே முடியாதா? தைத்தாகிவிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகள் செல்பேசித் தரநிலையில் இருக்கின்றன. அவற்றில் எழுதினால் தமிழிலும் ஒரு செய்தியில் 150க்கு மேல் அடங்கும். ஆனால் அனுப்பும் போன், வாங்கும் போன் இரண்டும் அந்த அட்டவணையை அறிந்திருக்க வேண்டும். உங்கள் போன் 70 என்று காட்டினால் அது அட்டவணையைப் பயன்படுத்தவில்லை. செயற்கை நுண்ணறிவு என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிற போன் நிறுவனங்கள் முதலில் இதைச் செய்து காட்டட்டும்.

அதுவரை ஒரு யோசனை. ஒரு தமிழெழுத்தைச் சேர்த்ததுமே தலைவாழைக்கு உண்டான விலையைக் கொடுத்தாகிவிட்டது. அதன்பிறகு மீதியை ஆங்கில எழுத்தில் அடிப்பதால் லாபம் இல்லை, நஷ்டம்தான். ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' எட்டு இலை, தமிழில் ஏழு. 'நன்றி' ஆறு இலை, தமிழில் ஐந்து. தமிழில் தொடங்கினால் முழுவதையும் தமிழிலேயே எழுதுங்கள். இடமும் மிச்சம்.