ஒரே ஒரு ஓட்டுல போன வருமானம்: சாஃப்ட்பால் சொல்லித் தர்ற சம்பளப் பாடம்



நீங்க ஆபீஸ்ல டாப் ரேட்டிங் வாங்குற ஆள்னு வெச்சுக்குவோம். திடீர்னு ஒருநாள் மேனேஜ்மென்ட், "உங்க டிபார்ட்மென்டையே மூடப் போறோம்"னு சொல்லுது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அப்போ உங்க வீட்டு பட்ஜெட் எத்தனை மாசம் தாங்கும்?

ஒரு விளையாட்டுக்கே இந்த நிலைமை வந்துச்சு. அதுதான் சாஃப்ட்பால். பேஸ்பாலுக்கு நெருங்கிய சொந்தம். பந்து கொஞ்சம் பெருசு, மைதானம் சின்னது, பந்தை கையைக் கீழ்ப்பக்கமா சுழற்றி வீசணும்.

52 - 52

பெண்கள் சாஃப்ட்பால் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள்ள வந்துச்சு. 2005 ஜூலையில் சிங்கப்பூரில் கூடின சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ரகசிய ஓட்டெடுப்பு நடத்துச்சு. சாஃப்ட்பாலுக்கு ஆதரவு 52, எதிர்ப்பு 52, ஒருத்தர் ஓட்டே போடல. மெஜாரிட்டி வேணும்கிறதால, 2012 லண்டன் போட்டியில் இருந்து அவுட்! பேஸ்பாலும் கூடவே போச்சு. 1936-க்கு அப்புறம் போலோ நீக்கப்பட்டதுக்குப் பிறகு, இப்படி வெளியே போன முதல் விளையாட்டுகள் இவைதான்.

பெர்ஃபார்மன்ஸ் மோசமா? இல்லவே இல்ல. 2004 ஏதென்ஸில் அமெரிக்க அணி 51 ரன் எடுத்து, 1 ரன் மட்டும்தான் கொடுத்துச்சு. 2008 பெய்ஜிங்கில் ஜப்பானோட யுகிகோ உவேனோ ரெண்டே நாள்ல 413 பந்து வீசி, ஃபைனலில் அமெரிக்காவை 3-1னு தோற்கடிச்சாங்க. அதுதான் கடைசி ஆட்டம். நல்லா வேலை பார்த்தாலும் வேலை போகலாம். இது முதல் பாடம்.

குழாய் மூணு, டேங்க் ஒண்ணு

இந்த மாதிரி விளையாட்டுகளுக்குப் பணம் மூணு வழியா வரும். ஒண்ணு, ஒலிம்பிக் டிவி ஒளிபரப்பு வருமானத்துல சர்வதேச சம்மேளனத்துக்குக் கிடைக்கிற பங்கு. ரெண்டு, பதக்க வாய்ப்பைப் பார்த்து அந்தந்த நாட்டு அரசும் ஒலிம்பிக் கமிட்டியும் கொடுக்குற நிதி. மூணு, ஸ்பான்சர்கள்.

கேட்க மூணு வருமானம் மாதிரி இருக்குல்ல? ஆனா மூணு குழாயிலயும் தண்ணி ஒரே டேங்க்ல இருந்துதான் வருது. அந்த டேங்க் பேரு ஒலிம்பிக்.

இப்போ உங்க கணக்கைப் பாருங்க. சம்பளம், ஆபீஸ் கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வருஷாந்திர போனஸ், கம்பெனி பங்குகள். நாலு விஷயம்தான், ஆனா முதலாளி ஒருத்தரே. வேலை போனா நாலும் சேர்ந்தே போகும், இல்லன்னா அடி வாங்கும்.

யார் தாக்குப்பிடிச்சாங்க?

தனியா ஒரு டேங்க் வெச்சிருந்தவங்க. அமெரிக்க சம்மேளனத்துக்கு உள்ளூர் டீம்கள் கட்டுற பதிவுக் கட்டணம் இருந்துச்சு. கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் கொடுத்து வீராங்கனைகளை வளர்த்துச்சு. ஜப்பானில் டொயோட்டா, ஹோண்டா மாதிரி கம்பெனிகளே டீம் நடத்துது. உவேனோ ஆடின டீமை வெச்சிருந்த சிப் கம்பெனி ரெனெசாஸ். 2015-ல அந்த டீம் பிக் கேமரா என்ற சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு மாறுச்சு. முதலாளி மாறினாலும் ஆட்டம் நிக்கல.

மில்லியன் டாலர் சிடிசி

2016-ல அமெரிக்க பிட்சர் மோனிகா அபாட், ஒரு புரொஃபெஷனல் டீமோட 6 வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. பெரிய செய்தி! ஆனா அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 20,000 டாலர்தான். 6 வருஷத்துக்கு மொத்தம் 1.2 லட்சம். மீதியெல்லாம் ரசிகர்கள் வருகையைப் பொறுத்த போனஸ். ரெண்டு சீசன் முடிஞ்சதும் அந்த டீம் லீக்கை விட்டே வெளியேறிடுச்சு. 2021-ல அந்த லீக்கையும் மூடிட்டாங்க.

உங்க ஆஃபர் லெட்டரையும் இப்படித்தான் படிக்கணும். சிடிசி தலைப்புச் செய்தி மட்டும்தான். மாசா மாசம் கைக்கு வர்ற பிக்ஸட் தொகைதான் உண்மை.

திரும்பி வந்தாச்சு, ஆனா கான்ட்ராக்ட்ல

டோக்கியோவில் சாஃப்ட்பால் திரும்பி வந்துச்சு. 2021-ல ஜப்பான் 2-0னு அமெரிக்காவை ஜெயிச்சது. ஆனா அந்த ஒரு ஒலிம்பிக்குக்கு மட்டும் கூடுதலாச் சேர்த்த விளையாட்டுங்கிறதால ஒளிபரப்புப் பங்கு கிடையாது. பெர்மனென்ட் ஊழியர் பக்கத்துலயே உட்கார்ந்து அதே வேலை பார்க்குற கான்ட்ராக்ட் ஊழியர் மாதிரி! 2024 பாரிஸில் மறுபடி இடமில்ல. 2023 அக்டோபர்ல, நம்ம மும்பையில் நடந்த கூட்டத்துலதான் கிரிக்கெட்டோட சேர்த்து 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மறுபடி ஓகே சொன்னாங்க.

நீங்க இப்போ செய்ய வேண்டியது

1. எமர்ஜென்சி ஃபண்ட்: வாடகை, சாப்பாடு, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் சேர்த்து மாசம் 28,000 ரூபாய்னா, 6 மாசத்துக்கு 1,68,000. மாசம் 7,000 ஒதுக்கினா 24 மாசத்துல ரெடி. சாஃப்ட்பாலுக்கு 2005-ல சொல்லி 2008 வரைக்கும் 3 வருஷம் டைம் கிடைச்சுது. உங்க நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?

2. சொந்த மெடிக்கல் பாலிசி: ஆபீஸ் பாலிசி இருந்தாலும் உங்க பேர்ல தனியா ஒண்ணு எடுங்க. வயசும் வியாதியும் கூடின பிறகு எடுத்தா பிரீமியமும் கூடும்.

3. போனஸை நம்பி இஎம்ஐ வேண்டாம்: வேரியபிள் பே வந்தா முதலீடு பண்ணுங்க. வரலைன்னா வீடு ஓடணும்.

4. ரெண்டாவது டேங்க்: வேற கம்பெனியிலயும் விலை போற ஒரு திறமையை வளர்த்துக்குங்க. சேமிப்பு மொத்தத்தையும் உங்க கம்பெனி ஷேர்லயே வைக்காதீங்க.

சாஃப்ட்பாலோட தலையெழுத்து ஒரே ஒரு ஓட்டுல மாறுச்சு. உங்க கம்பெனி மீட்டிங்ல உங்களுக்கு ஓட்டே கிடையாது. அதனால உங்க கையில இருக்கிறதை மட்டும் இப்பவே சரி பண்ணுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை: உங்க மாதாந்திர அத்தியாவசியச் செலவை ஒரு பேப்பர்ல எழுதி, கையில இருக்கிற சேமிப்பை அதால வகுத்துப் பாருங்க. எத்தனை மாசம் வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. 3-க்குக் கீழே இருந்தா, புது போன் கொஞ்சம் காத்திருக்கட்டும்!