கனவா, போன ஜென்மமா? கல்கியின் 'சோலைமலை இளவரசி'யை போன்லயே படிக்கலாம்!

காதல் கதை பிடிக்கும், ஆனா சரித்திர நாவல்னா அலர்ஜி. அமானுஷ்யம்னா ராத்திரி முழுக்க வெப் சீரிஸ் ஓடும், ஆனா 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தை அடுக்கிவெச்சா கொட்டாவி வரும். இந்த லிஸ்ட்டில் நீங்களும் இருந்தா, அதே கல்கி 1947-ல் எழுதிய ஒரு சின்ன நாவலில் இருந்து ஆரம்பிங்க. பெயர், 'சோலைமலை இளவரசி'.

கதை இதுதான். 1942, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். போலீஸ் தேடும் குமாரலிங்கம் நள்ளிரவில் ஒரு ரயிலிலிருந்து இறங்கி, சோலைமலையின் பாழடைந்த கோட்டைக்குள் ஒளிகிறான். முதல்முறையா வர்ற இடம். ஆனா எல்லாமே ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கு. கண்ணை மூடினால் இடிந்த சுவர்கள் அரண்மனையாக எழுந்து நிற்கின்றன. அங்கே அவன் மாறனேந்தல் உலகநாதத் தேவர். வெள்ளைக்காரர்களை எதிர்த்துவிட்டுத் தலைமறைவாகத் திரிகிறவர். மாறனேந்தலுக்கும் சோலைமலைக்கும் பகை. அந்தப் பகையாளி வீட்டு இளவரசி மாணிக்கவல்லிதான் அவருக்கு அடைக்கலம் தருகிறாள்.

கண்ணைத் திறந்தால் எதிரே பொன்னம்மாள். சாப்பாடு கொண்டுவரும் கிராமத்துப் பெண். முகம் மட்டும் அதே இளவரசி!

பூர்வஜென்மக் காதல் நமக்குப் புதுசு இல்லை. 1963-ல் 'நெஞ்சம் மறப்பதில்லை', 2015-ல் 'அனேகன்'னு தியேட்டரிலேயே பார்த்தாச்சு. அப்போ இந்த நாவலில் என்ன ஸ்பெஷல்? அமானுஷ்யத்தைக் கல்கி பயமுறுத்துவதற்குப் பயன்படுத்தலை. சஸ்பென்ஸே அதில்தான் இருக்கு. போன ஜென்மம் அப்படியே திரும்புதுன்னா, அந்த இளவரசனுக்கு நடந்ததுதானே இவனுக்கும் நடக்கணும்? இந்தக் கேள்வி மனசுக்குள் விழுந்த பிறகு, பழைய கதையில் நடக்கும் ஒவ்வொரு சம்பவமும் புதுக் கதைக்கு வந்த எச்சரிக்கை மாதிரி இருக்கும். 'பசியிலும் களைப்பிலும் வந்த கனவோ?' என்ற சந்தேகமும் கூடவே ஓடும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

படிக்கும்போது ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. 1947-ல் இதைப் படிச்சவங்களுக்கு 1942 சரித்திரம் இல்லை, கிட்டத்தட்ட நேத்து நடந்த விஷயம். கல்கியே காங்கிரஸ் தொண்டராகச் சிறைக்குப் போனவர். இன்னிக்கு நமக்கோ ரெண்டு காலமுமே சரித்திரம். அந்த 1942-ம் நமக்கு ரொம்ப தூரம் இல்லைங்க. அவிநாசிபாளையத்திலிருந்து பல்லடம் போய், கோவை ரோட்டைப் பிடிச்சா வழியில் சூலூர். அங்கிருந்த விமானதளத்துக்கு அந்த ஆகஸ்ட்டில்தான் தீ வைத்தார்கள். திருப்பூரில் கொடி காத்த குமரன் தடியடியில் உயிர்விட்டது அதற்கும் 10 வருஷம் முன்னால், 1932 ஜனவரியில். தினமும் பஸ்ஸில் தாண்டிப்போகும் ஊர்கள்தான்.

பொன்னம்மாள் மணியக்காரர் மகள். 'மணியக்காரர்னா யாரு?'ன்னு வீட்டில் அம்மிச்சியைக் கேளுங்க, நம்ம கொங்குப் பக்கத்திலேயே பல ஊரில் ஒரு 'மணியக்காரர் வீடு' இருந்திருக்கும். சர்க்காருக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஆள் அவர். அவர் மகளே தேடப்படும் குற்றவாளிக்குச் சோறு போடுகிறாள் என்றால் ரிஸ்க் யாருக்கு? ஹீரோ ஒளிந்திருக்கிறான், கனவு காண்கிறான், பேசுகிறான். மாட்டினால் என்ன ஆகும்னு தெரிந்தும் தினமும் நடந்து வருவது அவள். என்னைக் கேட்டா, இந்த நாவலின் ஹீரோ அவள்தான். மாணிக்கவல்லியைவிட இவள் பேச்சில் உயிர் அதிகம்.

குறையே இல்லையான்னா, இருக்கு. காதல் படு ஸ்பீடு. நடுநடுவே கல்கி கதையை நிறுத்திவிட்டு நாட்டு நடப்புப் பேச ஆரம்பிப்பார். அந்தப் பத்திகளை வேகமா ஓட்டலாம், யாரும் கேட்கமாட்டாங்க. ஆனால், காலம் மாறும் இடங்களில் மட்டும் ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. கோட்டையிலிருந்து அரண்மனைக்குத் தாவுவது ஒரே வரியில் நடந்துவிடும். தவறவிட்டால் யார் யாரோடு பேசுறாங்கன்னே புரியாது.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் காசு செலவில்லை, 'மதுரைத் திட்டம்' தளத்தில் முழு நாவலும் இருக்கு. அத்தியாயங்கள் சின்னச் சின்னது. காலையில் அவிநாசிபாளையத்தில் பஸ் ஏறினால், திருப்பூரில் கம்பெனி கேட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு முடிச்சிடலாம். முடிவை மட்டும் முன்னாடியே கூகுளில் தேடாதீங்க. அந்தக் கடைசி அத்தியாயங்களை பஸ்ஸில் படிக்காம, ஞாயித்துக்கிழமை லீவுக்கு வெச்சுக்கிறது நல்லது. பக்கத்து சீட்டுக்காரர் 'ஏம்மா, என்னாச்சு?'ன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

பிடிச்சிருந்தா, அடுத்து கல்கியின் 'மோகினித் தீவு'. அதுவும் இதே சைஸ்தான். கடல், தீவு, நிலா, அங்கே ஒரு ஜோடி. அவங்க சொல்ற கதையைக் கேட்டுக்கிட்டே இருக்கும்போது, இவங்க நிஜமாவே யாருன்னு ஒரு சந்தேகம் வரும் பாருங்க!