கோபுரப் பூச்சும் கலவைச் சிமெண்டும்

கோபுரத்தில் விரிசல் கண்டால், “சிமெண்டு பூசி வண்ணம் அடித்துவிடலாம்” என்கிறார்கள் அன்பர்கள் பலர். திருப்பணிக் குழுவினன் என்ற முறையில் அதை நான் ஏன் ஏற்பதில்லை என்று நன்கொடையாளர்களுக்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். எனக்குத் தெரிந்த ஓர் ஆலயத்தில் அப்படித்தான் செய்தார்கள். குடமுழுக்காகி மூன்று ஆண்டுகளுக்குள் துவாரபாலகரின் கை உதிர்ந்தது. நல்லவேளை, கீழே எவரும் இல்லை.

சுதைச் சிற்பங்களுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை உள்ளவரை அது துருப்பிடிக்காது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதினால் பால்போல் வெளுப்பதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். பூச்சுக்குள் நடப்பதும் அதே வினைதான். கடலோரமானால் உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். பூச்சை உள்ளிருந்தே பிளக்கும். மேலே அடித்த வண்ணம் இதைத் தடுக்குமா?

நீரும் உப்பும் நுழையும் நுண்துளைகளைக் குறைப்பதே வழி. சிமெண்டு நீருடன் இறுகும்போது சிறிது சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அனல் மின்நிலையச் சாம்பலைக் கலந்தால், அது இச்சுண்ணாம்புடன் சேர்ந்து மேலும் பசையாகித் துளைகளை அடைக்கும். இரும்பு உருக்கும் ஊதுலைக் கசட்டின் தூளும் ஏறக்குறைய அவ்வாறே உதவும். புதுமை என்று அஞ்ச வேண்டாம். எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து ரோமானியர் கட்டிய பாந்தியன் கூரை சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. 1998இல் நிறைவுற்ற கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் கான்கிரீட்டிலும் சிலிக்காத் தூள் உண்டு.

இன்னொரு நன்மையும் உண்டு. சிமெண்டுக்கு மூலமான கிளிங்கர் ஒரு டன் செய்தால் 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. கழிவுத்தூள் சேரச் சேரக் கிளிங்கர் குறையும்.

ஆனால் ஒரு கண்டிப்பு. இக்கலவைகள் மெதுவாகவே இறுகும்; குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயக்கூடாது. மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்தினால் சாதாரண சிமெண்டைவிட மோசமாகக்கூடும். சிற்பங்களின் சிறு ஒட்டுகளுக்குரிய லேடெக்ஸ் கலவையோ நேர்மாறு: ஓரிரு நாள் ஈரம் போதும், பிறகு உலர விட வேண்டும். துருவைச் சுரண்டாமல் எதைப் பூசினாலும் பயனில்லை.

அந்த ஏழு நாளுக்கும் சாரத்தின் வாடகை ஏறும். செலவுக் கணக்கில் அவ்வரியைக் காணும்போது அன்பர்கள் வியக்க வேண்டாம்.