குருசடைத் தீவுல இருக்கிற அமைதி யாரோடது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா லேசா திருத்தியிருக்கோம்.)

தேவிகாபுரத்துலேருந்து பேசுறேன். ஆரணிப் பட்டுன்னு கடையில வாங்குறீங்கல்ல, அதை நெய்யிற ஊர்கள்ல எங்க ஊரும் ஒண்ணு. நடுவுல டக்கு டக்குன்னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, பக்கத்து வீட்டுல தறி ஓடுது.

உங்ககிட்டேருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "மாலத்தீவுக்கெல்லாம் காசு இல்ல ப்ரோ, கூட்டம் இல்லாத குட்டித் தீவு நம்ம பக்கம் இருக்கா?" இருக்கு. ஒண்ணு இல்ல, இருபத்தொண்ணு. அதுல நான் போயிட்டு வந்த குருசடைத் தீவைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். எப்படிப் போறதுன்னு முதல்ல சொல்லிடுறேன். அப்புறம் அந்த இடம் ஏன் அவ்வளவு அமைதியா இருக்குன்னு பார்ப்போம். எனக்கு அந்த ரெண்டாவது விஷயம்தான் முக்கியமாப் படுது.

எங்க இருக்கு, எப்படிப் போறது?

ராமேஸ்வரத்துலேருந்து தூத்துக்குடி வரைக்கும், கரையை ஒட்டினாப்புல மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள் வரிசையா இருக்கு. யாரும் குடியிருக்காத தீவுகள். இதை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடின்னு நாலு கூட்டமாப் பிரிப்பாங்க. மண்டபம் கூட்டத்துல ஏழு: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. இருபத்தொண்ணுலயே பெருசு முயல் தீவு, சுமார் 129 ஹெக்டேர். குருசடை அதுல பாதி, சுமார் 66 ஹெக்டேர்.

எங்க ஊர் மாதிரி உள்நாட்டுலேருந்து வர்றவங்க விழுப்புரத்துல ராமேஸ்வரம் ரயிலைப் பிடிச்சிடலாம். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாம்பன் பாலத்து மேல காலையில ரயில் மெதுவா ஊரும்போது வலப்பக்கம் பாருங்க. தெற்கே தெரியுறது மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. பாம்பனுக்குத் தெற்கே குந்துகால்னு ஒரு கரை. 1897 ஜனவரியில விவேகானந்தர் இலங்கையிலேருந்து வந்து இறங்கின இடம். நினைவு மண்டபமும் இருக்கு. அங்கேருந்துதான் வனத்துறை அனுமதியோட படகு. நினைச்ச நேரத்துக்கு ஏறிட முடியாது. காத்தைப் பார்த்துத்தான் விடுவாங்க. தென்மேற்குக் காத்து வீசுற மாசங்கள்ல மன்னார் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காத்து வந்தா இது தலைகீழ். என்னைக் கேட்டா, ஜனவரியிலேருந்து மார்ச்சுக்குள்ள போறது நல்லது. கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க.

அங்க என்ன இருக்கு?

கடை இல்ல, ரிசார்ட் இல்ல. பவளத்தூள் கலந்த வெள்ளை மணல், தாழம்புதர், கொஞ்சம் அலையாத்தி மரம். தண்ணி அவ்வளவு தெளிவு, இடுப்பளவு ஆழத்துலயும் தரை தெரியும். புள்ளிவாசலையும் பூமரிச்சானையும் நான் படகிலிருந்துதான் பார்த்தேன். பச்சையா, தாழ்வா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்புல கிடக்கு.

அறிவியல்காரங்களுக்கு இது ரொம்பப் பழைய ஊர். 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் குருசடையோட கரையோர உயிரினங்களைப் பத்தி ஒரு தனி வெளியீடு போட்டிருக்கு. பிளஸ் டூவுல விலங்கியல் படிச்சவங்களுக்கு பலனோகிளாசஸ் ஞாபகம் இருக்கும். முதுகெலும்பு இல்லாத உயிர்களையும் நம்மளையும் இணைக்கிற மாதிரியான அந்தப் புழு வகை வாழுற இடம் இது. மன்னார் வளைகுடா முழுக்க 117 வகைப் பவளங்களைப் பதிவு பண்ணியிருக்காங்க. கடற்புல் மேயுற ஆவுளியாவும், அதாவது கடற்பசுவும், இந்தப் பக்கத்து உயிர்தான்.

அமைதி எப்படி வந்துச்சு?

இந்தத் தீவுகளைச் சுத்தி இருக்கிறது பவளப்பாறை. கடல்ல வேகமா வர்ற அலை அதுல மோதி உடைஞ்சு, தீவுக்கு வந்து சேரும்போது அடங்கிடும். அந்தப் பாறையைத்தான் பல வருஷம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தாங்க. பாறை போச்சு, அலை நேரா வந்து மணலை அரிச்சுது. கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடி பக்கம் விலங்குசல்லி, இந்த ரெண்டு தீவும் இப்போ தண்ணிக்குள்ள. தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் கரைஞ்சுக்கிட்டே வந்ததால, அதுக்கு முன்னாடி கடலடியில செயற்கைப் பாறைகளை இறக்கி வேகத்தைக் குறைச்சிருக்காங்க. இது போதாதுன்னு வெப்பம் வேற. 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகி, பவளங்கள் பெரிய அளவுல வெளுத்துச்சு.

அதனால பாதுகாப்பு தேவையான்னு கேட்டா, கட்டாயம் தேவை. 1986-ல 21 தீவுகளையும் சுத்தியிருக்கிற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. 1989-ல அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு. தேசியப் பூங்கான்னா அனுமதி இல்லாம உள்ளே போகக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது.

ஆனா அந்த 1986-க்கு முன்னாடியும் அங்க ஆட்கள் வந்து போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்கள்ல நிறைய பேர் பெண்கள்.

பாசி எடுக்கிற அக்காமார்

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துல கடற்பாசி எடுக்கிறது தலைமுறை வேலை. ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி, சேலைக்கு மேல ஒரு சட்டை, பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணிச்சுத்து, இடுப்புல வலைப்பை. மூச்சைப் பிடிச்சு முங்கி, பறிச்சு, மேல வந்து, திரும்ப முங்குறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரைன்னு வகை வகையாப் பேர் சொல்லுவாங்க. இது நல்லா வளருற இடமே தீவுகளைச் சுத்தின ஆழமில்லாத கடல்தான். பூங்கா எல்லையும் அங்கதான் விழுந்துச்சு.

எனக்கென்ன, நான் கடற்பாசியைப் பார்த்ததே இல்லன்னு நினைக்காதீங்க. நோன்புக் காலத்துல சாப்பிடுற 'கடல்பாசி', ஃபலூடாவுல ஜெல்லி, லேப்ல கிருமி வளர்க்கிற தட்டு, எல்லாத்துலயும் இருக்கிற அகார் இந்த மாதிரிப் பாசியிலேருந்து வர்றது. கட்டக்கோரையில கிடைக்கிறது அல்ஜினேட். பல் டாக்டர் வாயில அழுத்தி அச்சு எடுக்கிறாரே, அந்தக் கூழ் அதுதான். துணியில டிசைன் அச்சடிக்கும்போது சாயம் பரவாம கெட்டியா நிக்கவும் அல்ஜினேட்தான் போடுவாங்க.

எல்லை போட்டதும் இவங்க வேலை ஒரே நாள்ல குத்தமாயிடுச்சு. தீவுப் பக்கம் போனா பிடிச்சு அபராதம் போடுவாங்களோன்னு பயம். போகலன்னா அடுப்பு எரியாது. இதுக்கு அவங்க பதிலைப் பாருங்க. சுரண்டுற இரும்புக் கருவியை விட்டுட்டுக் கையாலேயே பறிப்போம், மாசத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்போம், பாசி திரும்ப வளர வருஷத்துல இடைவெளி விடுவோம்னு கூடிப் பேசித் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. இவங்களை ஒண்ணுசேர்த்துப் போராடின சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல சீகாலஜிங்கிற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்துச்சு. தீவுகளைப் பாதுகாக்கிறவங்களுக்குக் கொடுக்கிற விருது அது. பூங்கா சட்டத்துல அத்துமீறல், விருதுக் குழுவுக்குப் பாதுகாப்பு. ஆளும் அதேதான், கடலும் அதேதான்.

'அவங்க பாசியை வளர்த்துக்கலாமே'ன்னு கேப்பீங்க. வளர்க்கிறாங்க. மூங்கில் மிதவையில கயிறு கட்டி, கப்பாஃபைகஸ்னு ஒரு வெளிநாட்டு வகையை நிறைய பெண்கள் வளர்க்கிறாங்க, வருமானமும் வருது. ஆனா அந்தப் பாசி பண்ணையோட நிக்கல. குருசடையைச் சுத்தியிருக்கிற பவளத்து மேல படர்ந்து மூடுறதை 2008-ல ஆய்வாளர்கள் பதிவு பண்ணாங்க. மாற்றுத் தொழில்னு சொன்னதே பவளத்துக்கு இன்னொரு தொல்லையாப் போச்சு.

பாம்பன்ல ஒரு டீக்கடையில பாசி எடுக்கிற அக்கா ஒருத்தங்ககிட்ட, குருசடைக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னேன். எப்படி இருந்துச்சு தம்பின்னு கேட்டாங்க. அமைதியா இருந்துச்சுக்கான்னேன். சின்ன வயசுல அந்த மணல்ல உட்காந்து சோறு சாப்பிட்டிருக்காங்களாம். இப்போ டிக்கெட் எவ்வளவுன்னு என்கிட்ட கேட்டாங்க. கோபமாக் கேக்கல, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. எனக்கு டீ இறங்கல.

எங்க ஊர்ல தார் சுத்துறது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்கதான். கூலி, தறியில உட்காருறவர் கணக்குல வரும். சேலை கடை பேர்ல விக்கும். தார் சுத்தினவங்க பேர் எந்தக் கணக்குலயும் இருக்காது. அதனாலயோ என்னவோ, அந்த அக்கா கேட்டது எனக்குப் புதுசாத் தெரியல.

அப்போ போலாமா, வேணாமா?

போங்க. பார்த்தவங்களுக்குத்தான் இந்தத் தீவுகள் மேல அக்கறை வரும். ஆனா சில விஷயம் மனசுல வச்சுக்கோங்க.

ஒண்ணு, எதையும் எடுத்துட்டு வராதீங்க. கரையில ஒதுங்கின செத்த பவளத்துண்டு கூட வேணாம். 2001-லேருந்து பவளத்துக்கும் கடல் அட்டைக்கும் புலிக்குக் கொடுக்கிற அளவு சட்டப் பாதுகாப்பு இருக்கு.

ரெண்டு, தண்ணியில இறங்க விட்டாங்கன்னா பாறை மேல மிதிக்காதீங்க. நாம ஒரு தடவை மிதிச்சு உடைக்கிறது வளர்ந்து வரப் பல வருஷம் ஆகும்.

மூணு, படகு விட்டு இறங்கினதும் நேரா ராமேஸ்வரத்துக்கு ஆட்டோ பிடிக்காதீங்க. பாம்பன்லயே சாப்பிடுங்க, அங்கேயே தங்குங்க. டிக்கெட் காசுல கரையோர ஊர்ப் பெண்களுக்கு என்ன வேலை, என்ன பங்குன்னு விசாரிங்க. கடலுக்கடியில எங்க என்ன வளருது, எப்போ வளருதுன்னு அவங்களை விட நல்லா விளக்க ஆள் கிடைக்காது. வர்றவங்க எல்லாரும் இதைக் கேக்க ஆரம்பிச்சா, ஒரு நாள் அந்தப் படகுல வழிகாட்டியா அவங்களே நிக்கலாம்.

பவளமும் வேணும், அந்தப் பெண்களும் அங்க இருக்கணும். மாசத்துக்கு 12 நாள்னு அவங்களே ஒரு வழி போட்டுக் காட்டியிருக்காங்க. அதை உட்காந்து பேசி எழுத்துல கொண்டு வர்றதுதான் பாக்கி.

அடுத்த எபிசோடுக்கு நீங்க போன தீவு, ஏரி, ஆத்துத்திட்டு ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அங்க முன்னாடி யார் இருந்தாங்கன்னும் விசாரிச்சுச் சேர்த்து அனுப்புங்க. சந்திப்போம்.