பூட்டிய கதவுகள்: சர்வதேச உடன்பாடு எட்டாத புணே

புணே நகரை அடுத்த உருளி தேவாச்சியில், 2019 மே 9-ம் தேதி அதிகாலையில் சேலைக் கடை ஒன்று தீக்கிரையானது. இரவில் கடைக்குள்ளேயே உறங்கிய 5 ஊழியர்கள் உயிரிழந்தனர். கதவு வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது.

பூட்டிய கதவு ஜவுளித் துறைக்குப் புதிதல்ல. 2012 செப்டம்பரில் கராச்சி ஆடை ஆலையில் 250-க்கும் மேற்பட்டோரும், நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் குறைந்தது 112 பேரும் தீயில் மாண்டனர். இரு ஆலைகளிலும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன.

2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே உலகம் விழித்தது. அடுத்த மாதமே சர்வதேசத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் பாதுகாப்பு உடன்பாடு கண்டன. சட்டப்படி நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதே அதன் சிறப்பு. சுயேச்சைப் பொறியாளர்கள் ஆலைகளைச் சோதிப்பர், முடிவுகள் வெளியிடப்படும், குறைகளைக் களையாத ஆலைகளுடன் வர்த்தகம் முறிக்கப்படும். 2021-ல் சர்வதேச உடன்பாடாக விரிந்த இது, 2023-ல் பாகிஸ்தானுக்கும் சென்றது.

தனித்து நிற்கும் திண்டுக்கல்

இந்தியாவுக்கு அத்தகைய நாடு தழுவிய உடன்பாடு ஏற்படவில்லை. திண்டுக்கல் மாவட்ட ஆலை ஒன்றின் தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, பாலியல் வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், அன்னிய ஆடை நிறுவனங்கள் ஆகியவை அதில் இணைந்தன. ஆனால் அது ஒரே குழுமத்தோடு நின்றது.

இத்தகைய உடன்பாடுகள் ஏற்றுமதி ஆடைகளையே பின்தொடர்கின்றன. உள்நாட்டுச் சந்தைக்குச் சேலை விற்கும் கடையின் ஊழியருக்கு அவை எட்டுவதில்லை. அவருக்கு இந்தியச் சட்டமும் அரசின் ஆய்வுமே அரண்.

அந்த அரணிலும் இடைவெளிகள் உள்ளன. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சக்தியால் இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்தியது. 10 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் கடைகள் பொதுவாக அதன் வரம்புக்கு வெளியே உள்ளன.

பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமையாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-ல் அறிவித்தது. இரவில் கடைக்குள் உறங்கும் தொழிலாளிக்கு அந்த உரிமையின் பொருள் எளிது: உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒரு கதவு.