மருதாணி ஏன் மறுநாள்தான் நன்றாகச் சிவக்கிறது?

மும்பை டிராம்பேயில் சீட்டா கேம்ப் என்றொரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனியில் வாழ்ந்தவர்களை வெளியேற்றி இங்கே குடியேற்றினார்கள். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர், முஸ்லிம் குடும்பங்களும் நிறைய. அதனால் இங்கே கல்யாண வீட்டில் தமிழும் உருதும் சேர்ந்தே கேட்கும். கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்குக் கைநிறைய மருதாணி வைப்பார்கள்.

பாகிஸ்தானில் கராச்சி, லாகூர் பக்கமும் இப்படித்தான். முதலில் 'மாயூன்': மணப்பெண்ணுக்கு மஞ்சள் நிற உடை உடுத்தி, மஞ்சளும் கடலை மாவும் குழைத்த 'உப்டன்' பூசுவார்கள். மெஹந்தி, அதாவது மருதாணி வைக்கும் இரவில் டோலக் தட்டிப் பாட்டு. பெண்ணின் உள்ளங்கையில் ஓர் இலையை வைத்து, உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் துளி மெஹந்தி வைத்து, வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். பிறகு திருமணமான நிக்காஹ், பெண்ணை வழியனுப்பும் ருக்ஸதி, மாப்பிள்ளை வீட்டு விருந்தான வலீமா.

மருதாணி எவ்வளவு சிவக்கிறதோ மாமியாரிடம் அவ்வளவு பாசம் கிடைக்கும் என்பது இரண்டு நாட்டிலும் உள்ள நம்பிக்கை. பாவம், கை சரியாகச் சிவக்காத அக்காக்கள் முகம் வாடிப்போகிறார்கள்! சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் வாடவே வேண்டாம்.

மருதாணி இலையில் 'லாசோன்' என்ற சாயப்பொருள் இருக்கிறது. செடியில் இருக்கும்போது அது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அதனால்தான் பச்சை இலையைச் சும்மா தொட்டால் கை சிவப்பதில்லை. இலையை அரைத்து, தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு ஊறவைத்தால், லாசோன் மெல்ல விடுபட்டு வெளியே வருகிறது.

நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அதில் 'கெரட்டின்' என்ற புரதம் நிறைந்திருக்கிறது. நகம், முடி, ஆட்டு ரோமம், கோழி இறகு எல்லாமே கெரட்டின்தான். லாசோன் மூலக்கூறு கெரட்டினோடு வேதிப் பிணைப்பு கொண்டுவிடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினாலும் சாயம் போகாது. விழுதை உதிர்த்ததும் கை ஆரஞ்சு நிறமாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப் பட்டு, ஒன்றிரண்டு நாளில் அது கருஞ்சிவப்பாகிறது. மருதாணியைக் கல்யாண நாளுக்கு முன்பே வைத்துவிடும் வழக்கம் இதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மாயூனில் பூசும் மஞ்சள் அப்படியில்லை. மஞ்சள் தேய்த்த வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், சிவக்கும். எலுமிச்சைச் சாறு விடுங்கள், மறுபடி மஞ்சளாகும். அந்தச் சிவப்பு திரும்பிவிடும். மருதாணிச் சிவப்பு திரும்பாது.

ஒரே விழுதை உள்ளங்கையிலும் முழங்கையருகிலும் வைத்துப் பாருங்கள். உள்ளங்கைதான் கூடுதலாகச் சிவக்கும். அங்கே இறந்த செல்களின் அடுக்கு தடிமனாக இருப்பதால் நிறைய சாயம் ஏறுகிறது. விழுதை எவ்வளவு நேரம் விட்டோம், கை எவ்வளவு சூடாக இருந்தது, இலை எவ்வளவு புதியது என்பதும் முக்கியம். மாமியாரின் அன்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தோலின் மேலடுக்கு உதிர உதிர, இரண்டு மூன்று வாரத்தில் நிறம் போய்விடும். நகத்தில் ஏறியது மட்டும் நகம் வளர்ந்து வெட்டும்வரை மாதக்கணக்கில் நிற்கும்.

இனிச் சொல்வதை மிகக் கவனமாகக் கேளுங்கள். 'கறுப்பு மெஹந்தி' என்று சில கோன்கள் விற்கின்றன. மருதாணி இலையால் ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்ற நிறம் தர முடியாது. அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி என்ற ரசாயனம். தலைமுடிச் சாயத்தில் சேர்ப்பது. தோலில் நேரடியாகப் பட்டால் சிலருக்குச் சில நாள் கழித்துக் கொப்புளம் வெடிக்கும், தழும்பும் நிற்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். உண்மையான மருதாணியிலும் ஒரு விஷயம்: ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதை வைக்கவே கூடாது, அவர்களின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.

அடுத்த கல்யாணத்தில் யாராவது கறுப்புக் கோனை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். மணப்பெண் அக்காவிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.