விழுவது விமானமா, கணினியா?

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? துப்பறிய வாருங்கள்!

மாணவர்களே, செனாய் அனைத்துலக விமான நிலையத்தின் 16ஆம் எண் ஓடுபாதையில் உங்கள் விமானம் தயாராக நிற்கிறது. ஓடுபாதையின் நீளம் 3,800 மீட்டர். மேசையில் இருப்பது விசைப்பலகையும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்தான். ஆனால், திரையில் நீங்கள்தான் கேப்டன்! விமானம் மேலெழுகிறது. கீழே செம்பனைத் தோட்டங்கள் நகர்கின்றன. ஸ்கூடாயைக் கடந்து ஜொகூர் பாருவின் உயர்ந்த கட்டடங்கள் தென்படும் நேரத்தில் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. சில விநாடிகளில் விமானமும் இல்லை, வானமும் இல்லை. விண்டோஸ் முகப்புத் திரை மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மறுபடி தொடங்குகிறீர்கள். மறுபடியும் நின்றுபோகிறது.

இந்த நிலையில் பலர் ஒரே மாலையில் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். சிமுலேட்டரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவார்கள். வரைகலைத் தரத்தைக் குறைப்பார்கள். இயக்கி மென்பொருளைப் புதுப்பிப்பார்கள். சில வேளை கோளாறு போய்விடும். எதனால் போனது என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்த வாரம் அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதைவிடச் சிறந்த வழியை நீங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். உற்றறிதல், கருதுகோள், மாறிகள் என்று அறிவியல் பாடத்தில் வந்தவை நினைவிருக்கிறதா? அவைதாம் இன்று நமக்குத் துப்பறியும் கருவிகள்.

சிமுலேட்டர் மட்டும் ஏன் திணறுகிறது?

"மற்ற விளையாட்டுகள் எல்லாம் நன்றாக ஓடுகின்றனவே!" என்று நீங்கள் கேட்கலாம். சிமுலேட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. இறக்கையின் மேல் காற்று தரும் விசை, எஞ்சினின் உந்துவிசை, எரிபொருள் குறையக் குறைய மாறும் எடை ஆகியவற்றைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. கூடவே நிலம், கடல், கட்டடம், மேகம் எல்லாவற்றையும் வரைகிறது. விநாடிக்கு 30 படங்கள் காட்ட வேண்டுமென்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 33 மில்லிவிநாடி. 60 படங்கள் என்றால் சுமார் 17 மில்லிவிநாடிதான்.

இது புதிய கதையன்று. அமெரிக்காவின் புரூஸ் ஆர்ட்விக் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஒரு பிளைட் சிமுலேட்டரை வெளியிட்டார். 1982இல் அவருடைய படைப்பு மைக்ரோசாப்ட் வழியாக ஐபிஎம் கணினிக்கு வந்தது. அக்காலத்தில் பல நிறுவனங்கள் ஐபிஎம் கணினியைப் போலவே இயங்கும் கணினிகளைச் செய்து விற்றன. அவை உண்மையிலேயே அப்படி இயங்குகின்றனவா என்று சோதிக்கப் பலர் ஓட்டிப் பார்த்தது எதைத் தெரியுமா? இந்தச் சிமுலேட்டரைத்தான்! கணினியின் மூலை முடுக்குகளை எல்லாம் அது பயன்படுத்தியதால், எங்கே குறை இருந்தாலும் வெளிப்பட்டுவிடும். இன்றும் அப்படித்தான். மற்ற மென்பொருள்களில் ஒளிந்திருக்கும் குறையைச் சிமுலேட்டர் வெளியே கொண்டுவருகிறது.

முதல் துப்பு: எப்படி நின்றது?

கோளாறு வந்த விதமே பாதி விடையைச் சொல்லும்.

சிமுலேட்டர் மட்டும் மூடிக்கொண்டு, மற்றவை வழக்கம்போல் இயங்கினால், மென்பொருள் மீது சந்தேகம் கொள்ளுங்கள். நீங்கள் கூடுதலாகச் சேர்த்த விமானமோ நிலக்காட்சியோ கெட்டுப்போயிருக்கலாம்.

திரை கறுத்து, ஒலி மட்டும் தொடர்ந்து கேட்டால், வரைகலை அட்டையையும் அதன் இயக்கி மென்பொருளையும் கவனியுங்கள். வரைகலை அட்டை ஏறத்தாழ 2 விநாடிக்குப் பதில் தராவிட்டால், விண்டோஸ் அதன் இயக்கியை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்யும். அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் சிமுலேட்டர் விழுந்துவிடும்.

கணினியே அணைந்துபோனால், அல்லது தானாக மறுபடி தொடங்கினால், வெப்பமோ மின்வழங்கியோ காரணமாக இருக்கலாம்.

படம் மெல்ல மெல்லத் திக்கித் திக்கி ஓடி, பிறகு மூடிக்கொண்டால், நினைவகம் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் ஊகங்களே, தீர்ப்புகள் அல்ல. ஊகத்தைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் துப்பு: கணினியின் கறுப்புப் பெட்டி

விமான விபத்து நடந்தால் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது கறுப்புப் பெட்டியை. (பெயர்தான் கறுப்பு, எளிதில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அதற்கு ஆரஞ்சு நிறம் பூசுவார்கள்.) சிமுலேட்டருக்கும் அப்படி ஒன்று உண்டு. எக்ஸ்-பிளேன், இலவசமாகக் கிடைக்கும் பிளைட்கியர் போன்றவை தாம் செய்யும் வேலைகளை ஓர் உரைக்கோப்பில் எழுதிக்கொண்டே வருகின்றன. அதற்கு 'லாக்' கோப்பு என்று பெயர். எந்த நிலக்காட்சி ஏற்றப்பட்டது, எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: எக்ஸ்-பிளேனை மறுபடி தொடங்கினால் பழைய லாக் அழிந்து புதியது எழுதப்படும். ஆகவே, கோளாறு வந்தவுடன் அந்தக் கோப்பை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அவசரப்பட்டு மறுதொடக்கம் செய்வது, தடயத்தை நாமே துடைத்துவிடுவதற்குச் சமம். கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். கடைசியில் இருக்கும் பெயர்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். அது சம்பவ இடத்தில் நின்ற சாட்சியாகவும் இருக்கலாம்.

விண்டோஸும் தனியாகக் குறிப்பு எழுதுகிறது. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடினால், எந்த நாளில் எந்த மென்பொருள் நின்றது என்பதை நாள்காட்டி போல் காட்டும்.

மூன்றாம் துப்பு: இடமா, நேரமா?

இப்போது சோதனைக்கு வருவோம். சிமுலேட்டர் ஜொகூர் பாருவுக்கு மேலே வரும்போது நின்றது என்றோம். அதற்கு இரண்டு கருதுகோள்கள் இருக்கலாம்.

ஒன்று: அந்த இடம்தான் காரணம். தோட்டங்களைத் தாண்டியதும் ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று இரண்டு பெருநகரங்களின் கட்டடங்கள் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. நினைவகத்துக்குத் திடீர்ச் சுமை.

இரண்டு: நேரம்தான் காரணம். எங்கே பறந்தாலும் அத்தனை நிமிடம் ஓடியதும் கணினி சூடாகிவிடுகிறது.

எப்படிப் பிரித்தறிவது? அதே ஓடுபாதையின் மறுமுனையில் இருந்து கிளம்புங்கள். அந்த முனையின் எண் 34. (ஓடுபாதை எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை கிடைக்கும்: 16 என்பது ஏறத்தாழ 160 பாகை, 34 என்பது ஏறத்தாழ 340 பாகை. இரண்டுக்கும் வேறுபாடு 180, அதாவது நேர் எதிர்த்திசை.) கூலாய் வழியாகக் குளுவாங் பக்கம் பறந்து செல்லுங்கள். விமானம், வானிலை, வரைகலைத் தரம் எல்லாம் முன்போலவே இருக்கட்டும்.

இங்கே தற்சார்பு மாறி பறக்கும் திசை. சார்பு மாறி எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்பது. மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். குளுவாங் பக்கம் ஒரு மணி நேரம் பறந்தும் ஒன்றும் ஆகவில்லையா? முதல் கருதுகோள் வலுப்பெறுகிறது. அதே நிமிடத்தில் மறுபடி நின்றதா? இரண்டாவது வலுப்பெறுகிறது. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல், குறைந்தது மூன்று முறை செய்து பாருங்கள்.

இடம் என்றால்: நினைவகக் கணக்கு

2006இல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஒரு 32 பிட் மென்பொருள். அதனால் குறிப்பிடக்கூடிய நினைவக முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296. இது 4 ஜிகாபைட். கணினியில் 16 ஜிகாபைட் நினைவகம் இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது; தாண்ட முயன்றால் மூடிக்கொள்ளும். இன்றைய சிமுலேட்டர்கள் 64 பிட் கொண்டவை என்பதால் அந்தச் சுவர் இல்லை. ஆனால், உங்கள் கணினியில் உள்ள நினைவகத்துக்கு எல்லை உண்டு அல்லவா?

கட்டடத்தின் மேல் ஒட்டப்படும் ஒரு படம் 4,096 புள்ளி நீளமும் 4,096 புள்ளி அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 4 பைட். சுருக்காமல் வைத்தால் 64 மெகாபைட் வேண்டும். நீள அகலத்தைப் பாதியாக்கினால் 16 மெகாபைட் போதும். பாதியாகக் குறைத்தோம், சுமையோ கால்வாசியாகிவிட்டது! அதனால்தான், நினைவகம் நிறைகிறது என்று உறுதியானால், 'டெக்ஸ்ச்சர்' தரத்தை ஒரு படி இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சேர்த்த நிலக்காட்சிகளில் ஒன்று கெட்டுப்போயிருந்தால்? உங்களிடம் 32 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் 31 முறை வரை சோதிக்க நேரலாம். அதற்குப் பதில் பாதியை, அதாவது 16ஐ, வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்டுப் பறந்து பாருங்கள். கோளாறு நீங்கினால் வெளியே எடுத்த பாதியில் குற்றவாளி இருக்கிறது. நீங்காவிட்டால் மீதமுள்ள பாதியில் இருக்கிறது. 16, 8, 4, 2, 1 என்று ஐந்தே சோதனையில் பிடித்துவிடலாம். கணினி அறிவியலில் இருமத் தேடல் என்பது இதுதான்.

நேரம் என்றால்: நம் ஊர் வெப்பம்

காற்றாடியால் குளிர்விக்கப்படும் கணினி, அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. கடும் வேலையின்போது உங்கள் செயலி அறையைவிட 55 பாகை கூடுதலாகச் சூடாகிறது என்று கொள்வோம். 20 பாகை குளிர்ந்த அறையில் அது 75 பாகை செல்சியஸ். குளிர்சாதனம் இல்லாத 32 பாகை அறையில் 87. காற்று வரும் வழியில் தூசு அடைத்துக்கொண்டால் இன்னும் கூடும். 100 பாகையை நெருங்கும்போது பெரும்பாலான செயலிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அணைந்துவிடும்.

இதற்கும் எளிய சோதனை உண்டு. மேசைக் காற்றாடியைக் கணினியின் பக்கம் திருப்பி வைத்து அதே பயணத்தைச் செய்யுங்கள். 20 நிமிடத்தில் நின்றது 40 நிமிடம் தாங்கினால் வெப்பம்தான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதீர்கள். தூசு தட்டும் முன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கலாம்.

மறுதொடக்கம் பழுதுபார்த்தல் ஆகுமா?

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். உண்மையான விமானத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

2014 டிசம்பர் 28. இந்தோனேசியாவின் சுராபாயாவில் இருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட கியூ இசட் 8501 விமானம் ஜாவா கடலில் விழுந்தது. அதிலிருந்த 162 பேரும் உயிரிழந்தனர். ஏறத்தாழ ஓராண்டில் வெளியான ஆய்வறிக்கை, வால்புறச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கருவியின் மின்னணுப் பலகையில், ஒரு பற்றவைப்பு இணைப்பில் விரிசல் இருந்ததைக் கண்டறிந்தது. முந்தைய 12 மாதங்களில் அந்தக் கருவியில் 23 முறை பழுது பதிவாகியிருந்தது. போகப் போக, அது குறுகிய இடைவெளியில் வரத் தொடங்கியது. மூல காரணம் மட்டும் தீர்க்கப்படவில்லை.

அந்தக் கடைசிப் பயணத்திலும் அதே பழுது நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் விமானிகள் வழக்கமான முறைப்படி கையாண்டனர். நான்காம் முறை, பறந்துகொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்சாரம் தடைபட்டது. மின்சுற்றுத் துண்டிப்பானை மீட்டமைத்தால் எப்படிப் பதிவாகுமோ, அதேபோன்ற அடையாளத்தைக் கறுப்புப் பெட்டி காட்டியது. தானியங்கி விமானி விலகிக்கொண்டது. விமானம் ஒருபுறம் சாய்ந்தது. அதன்பின் விமானிகளால் அதை மீட்க முடியவில்லை. விரிசல் ஒன்றே விபத்துக்குக் காரணமன்று. அடுத்தடுத்து நடந்தவையும் சேர்ந்தே பேரிழப்பில் முடிந்தன. ஆனாலும், திரும்பத் திரும்ப வந்த பழுது தீர்க்கப்படாமல் விடப்பட்டதை, காரணிகளுள் ஒன்றாக அறிக்கை பதிவு செய்தது.

திரும்பத் திரும்ப வரும் கோளாறு நமக்கு எதையோ சொல்ல வருகிறது. மறுதொடக்கம் அதன் வாயைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கிறது. வீட்டுச் சிமுலேட்டரில் அதனால் போவது ஒரு மாலைப்பொழுது மட்டுமே. அதனால்தான் துப்பறியும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள அது நல்ல இடம்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு கட்டங்கள் போடுங்கள்: தேதி, புறப்பட்ட இடமும் திசையும், எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, எப்படி நின்றது, அறையின் வெப்பநிலை, இம்முறை மாற்றிய ஒரே ஒரு விஷயம். கடைசிக் கட்டத்தில் இரண்டு விஷயங்கள் எழுத நேர்ந்தால், அந்தச் சோதனையை அடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பத்து வரிகள் நிறைந்ததும் நண்பரிடம் கொடுத்து, காரணம் என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். உங்களுடைய ஊகமும் அவருடைய ஊகமும் ஒத்துப்போகின்றனவா? ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. நாளை நீங்கள் அங்கே படிக்கச் சென்றாலும், ஒரு பட்டறையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தாலும், இந்த ஆறு கட்டங்கள் உங்களுக்குக் கைகொடுக்கும்.